காய்ச்சல் விட்ட பின்

“காய்ச்சல் விட்டுவிட்டது, இனிக் கவலை இல்லை” என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருகிறோம். ஆனால் வீட்டாருக்குக் கவலை தரும் கேள்வி அதற்குப் பிறகே பிறக்கிறது. கிருமி அழிந்தது, காய்ச்சலும் இறங்கியது, ஆயினும் உடல் ஏன் எழவில்லை? எதைக் கொடுத்தால் பழைய வலிமை திரும்பும்? இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. நம் மன்றத்து நண்பர்களுள் மருத்துவம் பயில்வோர் சிலர். இலக்கியமும் கணக்கும் வணிகமும் பயில்வோர் பலர். எல்லார்க்கும் விளங்குமாறு எளிய முறையில் கூற முயல்கிறேன்.

எங்கள் ஊர் சக்குபள்ளம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அருகே, ஏலமலையின் மீது அமைந்தது. மலையை விட்டுக் கீழே இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. விடியற்காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்புகள் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி வரும். அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்து வருவோர் ஏலத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள். மாநிலம் கேரளம், செடிகளுக்கிடையே கேட்கும் பேச்சோ பெரும்பாலும் தமிழ்.

சென்ற மழைக்காலத்தில் என் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. தலைவலி தாங்க முடியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் ‘சாதாரணக் காய்ச்சல்’ என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். ஏழாம் நாள் மூச்சு முட்டியது. வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே உடை மாற்றிவிட்ட நர்ஸ், புடவை கட்டும் இடுப்பு மடிப்பில் கருகிய பொருக்கு ஒன்றைக் கண்டார். “இது செள்ளுப்பனி” என்றார். அன்றே மருந்து மாறியது. இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

ஆனால் வீட்டுக்கு வந்த பின் ஒரு மாதம் ஆகியும் சின்னம்மாவால் ஒரு குடம் நீர் தூக்க முடியவில்லை. பார்க்க வந்தோர் அனைவரும் ஒரே குரலில் சொன்னது: “உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல, அதை ஏத்தணும்.” அதை ‘ஏற்றுவதற்கு’ ஒரு மாவு டப்பா விற்பனைக்கு வந்தது. அதன் விலை சின்னம்மாவின் ஒரு வாரக் கூலி! இன்னொரு பக்கம், பத்தியம் என்று முட்டையும் மீனும் தயிரும் நிறுத்தப்பட்டன. விடுமுறைக்குச் சென்றிருந்த என்னைப் பார்த்துச் சின்னம்மா, “நீ படிச்ச புள்ளதானே, எந்த டப்பா நல்லதுன்னு நீயே சொல்லு” என்றார். என்னிடம் விடை இல்லை. பல்கலைக்கழகத்தில் பயிலும் எனக்கு அன்று தலைகுனிவுதான் ஏற்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத கடி

மலையாளத்தில் செள்ளுப்பனி என்றும் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்றும் வழங்கும் இந்நோயை மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பர். இரண்டு பெயர்களும் சற்றே பொருந்தாதவை. மாட்டின் காதில் தொங்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை, தெள்ளுப்பூச்சியும் பரப்புவதில்லை. மண்ணில் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்புழுவே இதைப் பரப்புகிறது. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லாத அப்புழுவைக் கண்ணால் காண்பது அரிது. அது வளர்ந்த பின் மண்ணில் உள்ள நுண்ணிய உயிர்களின் முட்டைகளைத் தின்று வாழும். இளம்புழுப் பருவத்தில் மட்டுமே, எலி போன்ற ஒரு விலங்கின் தோலில் ஒட்டிக்கொண்டு திசுநீரை உறிஞ்சும். நோய்க்கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது.

ஏலத் தோட்டத்தில் இந்நோய்க்கு என்ன இடம் என்று வினவலாம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரின் அடியிலிருந்து தரையோடு நீளும் சரங்களில் காய்க்கிறது. காய் எடுப்போர் ஈரச் சருகின் மேல் குந்தியோ உட்கார்ந்தோதான் எடுக்க வேண்டும். அக்காயைத் தின்ன எலிகள் வரும். எலிகளோடு புழுக்களும் வரும். எலியை எதிர்பார்த்துச் சருகில் காத்திருக்கும் புழுவுக்கு மனிதரின் தோலும் தோல்தானே!

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானில் நெடுங்காலமாக அறியப்பட்ட நோயாதலின் கிருமியும் ஜப்பானியப் பெயர் பெற்றது. ‘சுட்சுகா’ என்றால் நோய், தீங்கு. ‘முஷி’ என்றால் பூச்சி. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் போரிட்ட படைவீரர் பலரை இந்நோய் வாட்டியது. 1948-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஸ்மேடல் என்பாரும் அவர்தம் குழுவினரும் குளோரம்பெனிகால் என்னும் மருந்தால் இதனைக் குணப்படுத்தலாம் என்று காட்டினர். இன்று டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் மருந்துகள் கைகொடுக்கின்றன. கடுமையாக நோயுற்றோர்க்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதினும் மேலானது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் எடுத்துக்காட்டியது. இக்கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. பெனிசிலின் இனத்து மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. ஆகவே நோயை இன்னதென்று காலத்தில் அறிவதே பாதி மருத்துவம்.

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தோன்றும். அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகிய மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லோர்க்கும் தோன்றுவதுமில்லை. பெண்கள் நாணத்தால் சொல்லமாட்டார்கள். வலியில்லாததால் அவர்களே அறியாமலும் இருப்பார்கள். கேட்டால்தான் தெரியும், பார்த்தால்தான் புலப்படும்.

உடலின் காவற்படை

இனி, ‘எதிர்ப்புச் சக்தி’ என்று நாம் ஒரு சொல்லால் குறிப்பது யாது எனக் காண்போம். அது விளக்கின் திரி போன்ற ஒற்றைப் பொருளன்று. திருகி ஏற்றவும் இறக்கவும் இயலாது. பல பிரிவுகள் கொண்ட ஒரு படையாக அதனைக் கருதலாம். வாயிற்காவலர் போல முதலில் பாய்ந்து கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் ஒரு பிரிவு. கிருமி குடிபுகுந்த உயிரணுவை இனங்கண்டு அழிக்கும் ‘டி’ அணுக்கள் மற்றொரு பிரிவு. இன்ன கிருமிக்கு இன்னதென்று எதிர்ப்பொருளைச் செய்து இரத்தத்தில் அனுப்பும் ‘பி’ அணுக்கள் வேறொரு பிரிவு. இவற்றுக்கெல்லாம் மேலாக, ‘போதும், நிறுத்து’ என்று ஆணையிட்டுப் படையை அடக்கும் அணுக்களும் உண்டு. அடக்கும் அணுக்கள் தளர்ந்தால் படை நம் உடலையே தாக்கும். முடக்குவாதம் போன்ற நோய்கள் அவ்வாறு வருவனவே. ஆகவே படை பெருகுவது எப்போதும் நன்மை என்று எண்ணுவது பிழை.

இப்படை போரிடும்போது உடல் பெருஞ்செலவு செய்கிறது. உடலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடல் எரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 10 முதல் 13 சதவீதம் கூடுகிறது. 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் 40 டிகிரியில் கிடந்தால், படுத்த படுக்கையிலேயே வழக்கத்தினும் மூன்றில் ஒரு பங்கு மிகுதியாகச் செலவாகிறது. அதே நாட்களில் பசி இல்லை, உணவு இறங்குவதில்லை. வரவு நின்று செலவு கூடினால் குடும்பம் என்ன செய்யும்? கைச்சேமிப்பை எடுக்கும். உடலின் சேமிப்பு தசை. தசையில் உள்ள புரதத்தை உடைத்தே உடல் படைக்கு வேண்டிய பொருள்களைச் செய்துகொள்கிறது. படுக்கையில் அசையாமல் கிடப்பதாலும் தசை கரைகிறது. காய்ச்சல் விட்டபின் தொடையும் தோளும் மெலிந்திருப்பதன் காரணம் இதுவே. சின்னம்மாவால் குடம் தூக்க முடியாமற்போனது பெரிதும் இக்கடனால்தான். படை தோற்றதால் அன்று. வென்றதற்குக் கொடுத்த விலை அது.

லைம் ஊர் தந்த பாடம்

இவ்வினா நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றோர் ஊர் உண்டு. அங்கும் அண்டை ஊர்களிலும் 1975-ஆம் ஆண்டில் குழந்தைகள் பலர்க்கு மூட்டு வீக்கம் கண்டது. பாலி மரே என்னும் ஒரு தாய், இத்தனை வீடுகளில் ஒரே நோய் வருவது தற்செயல் ஆகாது என்று விடாமல் வாதிட்டார். ஏல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டீர் ஆராய்ந்தார். 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர், உண்ணியின் குடலில் கண்ட சுருள்வடிவக் கிருமியே இதற்குக் காரணம் என்று வெளியிட்டார். அவர் பெயராலேயே அக்கிருமி பொரிலியா பர்க்டார்ஃபெரி எனப்படுகிறது. இந்நோயைப் பரப்புவது உண்மையான உண்ணியே. மருந்தோ நம் மலையில் கொடுக்கும் அதே டாக்சிசைக்ளின்.

பெரும்பாலோர் மருந்துண்டு நலம் பெறுகின்றனர். எனினும் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை, கிருமிக்கு மருந்துண்ட பிறகும் ஆறு மாதத்திற்கு மேலாகக் களைப்பு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் என்று துன்புறுகின்றனர் என அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் மதிப்பிடுகிறது. இதனையே மக்கள் ‘நாட்பட்ட லைம் நோய்’ என்கின்றனர். அத்துன்பம் பொய்யன்று. அதற்கு என்ன செய்வது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

கிருமி எங்கோ ஒளிந்திருக்கிறது என்று கருதிய சிலர் மாதக்கணக்கில் மருந்தை நீட்டினர். 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இத்தகைய 129 நோயாளிகளுக்கு 90 நாட்கள் உண்மை மருந்தும் போலி மருந்தும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தனர். இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. 2016-இல் நெதர்லாந்தில் 280 பேரிடம் செய்த ஆய்வும் அதையே கூறியது. மறுபுறம், நீண்ட நாள் நரம்பில் மருந்து ஏற்றியதால் வேறு கிருமிகள் புகுந்து உயிரிழந்தோரும் உளர். மேலும் ஒரு செய்தி: லைம் நோயால் மூட்டு வீங்கியோரின் மூட்டுநீரில், இறந்த கிருமியின் சுவர்த் துணுக்குகள் மருந்துண்ட பின்னும் தங்கியிருந்து அழற்சியை மூட்டுகின்றன என்று 2019-இல் ஆய்வாளர் கண்டனர். அவர்களுடைய உடலில் எதிர்ப்பு ஆற்றல் குறைவு அன்று. போர் முடிந்தும் வாளை உறையில் இடாத நிலை அது. அத்தகையோர்க்கு மருத்துவர் சில வேளை எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்தையே கொடுக்கின்றனர்!

இதிலிருந்து நாம் பெறுவது என்ன? காய்ச்சலுக்குப் பின் உடலுக்கு வேண்டியது தூண்டுதல் அன்று, ஈடு செய்தல். செலவானதைத் திருப்பிக் கொடுப்பதும், படை அமைதியாக இருப்பிடம் திரும்ப வழிவிடுவதுமே நம் கடன்.

செலவானதைத் திருப்புதல்

முதலாவது உணவு. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்துப் பத்துக் குறட்பாக்களுள் ஆறு உணவைப் பற்றியே பேசுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நலமாக இருப்பவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு முக்கால் கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதம் நாள்தோறும் போதும். நோயிலிருந்து மீள்வோர்க்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்பர். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 60 முதல் 75 கிராம். சிறுநீரகம் பழுதுற்றவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே இதனை முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு டப்பா வேண்டுமா? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். இரண்டு முட்டைக்கு 12. 50 கிராம் பாசிப்பயறு வேகவைத்துக் கஞ்சியோடு உண்டால் 12. மதியம் 100 கிராம் மத்தி மீன் உண்டால் 18-க்குக் குறையாது. மாலையில் 50 கிராம் நிலக்கடலை அவித்துத் தின்றால் 12. இரவில் ஒரு டம்ளர் பால் 6. இதுவே 60 ஆகிவிட்டது. சோறு தருவது இதற்கு மேல். மீன் உண்ணாதவர் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் தயிரும் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் மலையில் எளிதாகக் கிடைக்கும் கப்பைக் கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். கப்பையோடு மீன் குழம்பு என்று சேர்த்து வைத்த முன்னோர் அறிவாளிகள். பத்தியம் என்று மீனை எடுத்துவிட்டுக் கப்பையை மட்டும் கொடுப்பது, கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது போன்றது. காய்ச்சல் விட்ட உடனே பசி மந்தமாகத்தான் இருக்கும். அப்போது மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நலம்.

தோட்டத்துப் பெண்களுள் பலர்க்கு நோய் வருமுன்னரே இரத்தசோகை இருக்கும். அதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். முருங்கைக் கீரை, பயறு, மீன், ஈரல் இவை இரும்புச் சத்துத் தருவன. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் அச்சத்து நன்கு உடலில் சேரும். உணவோடு கட்டன் சாயா குடித்தாலோ சேராமல் தடைப்படும். தேநீரை விடச் சொல்லி யாரிடமும் சண்டையிட வேண்டா. உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னால் போதும்.

மருந்து உண்ணும் நாட்களுக்கு ஒரு குறிப்பு. டாக்சிசைக்ளினைப் பால், இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கலாகாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். உட்கார்ந்த நிலையில் நிறைய நீருடன் விழுங்க வேண்டும்; விழுங்கியதும் படுத்தால் உணவுக்குழல் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தலாகாது. கருவுற்ற பெண் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்க்கு வேறு மருந்து உண்டு.

உறக்கமும் உழைப்பும்

இரண்டாவது உறக்கம். சிகாகோவில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமுள்ள இளைஞர் சிலரைச் சில இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டுக் காய்ச்சல் தடுப்பூசி போட்டனர். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, நன்கு உறங்கியவர்களுக்கு உண்டான எதிர்ப்பொருளில் பாதிகூட அவர்களுக்கு உண்டாகவில்லை. எந்த மாவும் தராத வலிமையை உறக்கம் இலவசமாகத் தருகிறது. ஆனால் விடியுமுன் எழுந்து சமைத்து ஜீப் ஏறும் பெண்ணுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறதா? நோய்க்குப் பின் சில வாரங்களாவது அடுப்பு வேலையை வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் ஏற்பது ஒரு மருத்துவமே ஆகும்.

மூன்றாவது உழைப்பு. முழு ஓய்வும் தவறு. முதல் நாளே சுமை தூக்குவதும் தவறு. கரைந்த தசை அசைவால்தான் திரும்ப வளரும். முதலில் முற்றத்தில் ஐந்து நிமிட நடை, அது துன்பமில்லாமல் இயன்றால் சில நாளில் பத்து நிமிடம், பிறகு மேடு. இதற்கு ஓர் உரைகல் உண்டு. இன்று செய்த வேலையால் நாளையோ மறுநாளோ உடல் முன்னினும் தளர்ந்தால் அளவு மிகுந்தது என்று பொருள். ஒருபடி குறைத்துக்கொள்ள வேண்டும். ‘பல்லைக் கடித்துக்கொண்டு செய்’ என்பது இங்கே அறிவுரை ஆகாது.

டப்பாவும் வேரும்

இனி அந்த மாவு டப்பா. அதன் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும் சிறிது பால்தூளும் என்றால் அது கெடுதலன்று. வெறும் வீண் செலவு. வைட்டமின் ‘சி’ மிகுதியாக உண்டால் உடல் மிச்சத்தைச் சிறுநீரில் கழித்துவிடும். வைட்டமின் ‘ஏ’யும் ‘டி’யும் அப்படியல்ல, உடலில் தேங்கி, மிகுந்தால் தீங்கு செய்யும். குறைவு என்று கண்டறிந்த பின்பே மாத்திரையாக உண்ண வேண்டும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் சோதிக்கத்தக்கதே. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பு ஆற்றலுக்கு என்று சீந்தில் கொடியை உண்டவர்களுள் ஆறு பேர்க்கு ஈரல் அழற்சி கண்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். அவர்கள் உண்டது சீந்தில்தானா என்று சோதிக்கவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்லேன். ஆனால் ஒன்று தெளிவு. கடும் காய்ச்சலில் ஈரல் ஏற்கெனவே நலிந்திருக்கிறது; அந்நேரத்தில் இன்ன அளவு, இன்ன கொடி என்று அறியாமல் எதையும் அரைத்துக் குடிக்கலாகாது. சித்த மருத்துவரிடம் சென்றால் நோயையும் உண்ட மருந்தையும் மறையாது சொல்ல வேண்டும். வெற்றிலைப் புகையிலையும் மதுவும் மீட்சியைத் தள்ளிப்போடும்.

எல்லாக் களைப்பையும் காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடவும் கூடாது. மீண்டும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், கண் மஞ்சள், சிறுநீர்க் குறைவு, காது மந்தம், மனக் குழப்பம் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோய்ச் சோதனை வேண்டும். வாரங்கள் கடந்தும் களைப்புத் தீராவிடில் சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை வந்த நோய் மறுமுறை வாராது என்று இருந்துவிடவும் இயலாது. இக்கிருமியில் பல வகை உண்டு; ஒரு வகைக்கு உடல் பெற்ற எதிர்ப்பு மற்றொரு வகைக்கு நெடுநாள் உதவாது. தடுப்பூசியும் இல்லை. ஆகவே, வெறுஞ்சருகில் உட்காராமல் தார்ப்பாய்த் துண்டொன்றை விரித்து உட்காருதல், முழுக்கை உடையும் காலுறையும் பூட்சும் அணிதல், பூச்சி விரட்டும் களிம்பு தடவுதல், வீடு திரும்பியதும் சோப்பிட்டு உடல் தேய்த்துக் குளித்து உடையை மாற்றுதல், துணியைப் புல்லின்மேல் உலர்த்தாமை, வீட்டைச் சுற்றிப் புதரும் எலியும் சேரவிடாமை ஆகியவையே காப்பு.

ஓய்வு யாருக்கு?

இவ்வளவும் எழுதியபின் ஒரு முள் என்னைக் குத்துகிறது. ‘ஓய்வெடு, முட்டை உண், எட்டு மணி நேரம் உறங்கு’ என்று எழுதுவது எளிது. வேலைக்குப் போனால்தான் கூலி என்னும் நிலையில் உள்ளவர் எவ்வாறு ஓய்வெடுப்பார்? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நோய்க்கால உதவித்தொகையை எழுதி வைத்தது. ஆனால் இன்று ஒரு தோட்டம், நாளை வேறு தோட்டம் என்று ஜீப்பில் வரும் நாட்கூலிப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அவர் இரண்டு வாரத்தில் வேலைக்கு ஓடுகிறார், மீண்டும் விழுகிறார், ‘எதிர்ப்புச் சக்தி இல்லை’ என்று ஒரு டப்பா வாங்குகிறார். நோயின் மிச்சத்தைக் காட்டிலும் வறுமையின் மிச்சமே இங்குப் பெரிது.

சின்னம்மாவின் செய்தியைக் கூறி முடிக்கிறேன். டப்பா வாங்கவில்லை. அப்பணம் முட்டையும் மீனும் பயறும் ஆயிற்று. சோதனையில் இரத்தசோகை தெரிந்தது. அதற்கு மாத்திரை கிடைத்தது. அவரோடு வேலை செய்யும் பெண்கள் கங்காணியிடம் பேசி, ஏறத்தாழ ஒரு மாதம் ஸ்டோரில் உட்கார்ந்தபடியே காய் தரம் பிரிக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தார்கள். கூலி குறைவுதான், ஆனால் அடுப்பு அணையவில்லை. மூன்றாம் மாதம் செடிக்குத் திரும்பினார், கையில் தார்ப்பாய்த் துண்டோடு. அவரைத் தேற்றியது உணவு, உறக்கம், காலம், கூட வேலை செய்தோரின் அன்பு இவையே.

நண்பர்களே! நம்முள் பலர் மலையிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, மழைக்காலக் காய்ச்சலில் கிடப்போரைக் கண்டால், “உடம்புல எங்கயாவது கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாத்தீங்களா?” என்று கேளுங்கள். காய்ச்சல் விட்டுத் தளர்ந்திருப்போரைக் கண்டால், “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க? நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?” என்று கேளுங்கள். ‘படிச்ச புள்ள’ என்று நம்மை நம்பிக் கேட்போர்க்கு, நாம் படித்ததற்குச் செலுத்தும் வட்டி அதுவேயாகும்.